மாத்திரையை விடலாமா என்று கேட்டிருந்தாய்

ராஜமுந்திரி,
ஜனவரி 9

அன்புத் தம்பி சிரஞ்சீவி பிரம்மாஜிக்கு, அண்ணன் கோடேஸ்வர ராவ் மனமார ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி சீதாரத்னமும் கோதாவரித் தாயின் தயவில் நலம். காக்கிநாடாவில் நீயும் உன் மனைவியும் நலமாகவே இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன், உன் ரத்த அழுத்தம் நீங்கலாக. போனில் சொல்லலாம் என்றால் உன் காது ஒத்துழைப்பதில்லை. போன தடவை நான் மக்னீசியம் என்றதை நீ மச்சினி சீமந்தம் என்று கேட்டுக்கொண்டு எத்தனையாவது மாதம் என்று விசாரித்தாய். முப்பத்திநாலு வருஷம் ரயில் தபால் வண்டியில் ஊரார் கடிதங்களைப் பிரித்துப் போட்டவன், சொந்தத் தம்பிக்கு ஒரு கடிதம் எழுதினால் குறைந்துபோக மாட்டேன்.

"எனக்கு 158/96 இருக்கிறது, நானும் உன்னைப்போல மாத்திரையை விடலாமா? உன் சிநேகிதன் பட்டாபிக்கு ஏன் அப்படி ஆயிற்று?" என்று இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

எனக்கு அந்த வெள்ளை மாத்திரையால் கால் வீங்கியது உனக்குத் தெரியும். போன பிப்ரவரியில் கல்யாண மண்டபத்தில் லீலாகிருஷ்ணா என்பவர் முகாம் நடத்தினார். முன்பு இன்சூரன்ஸ் விற்றவர், இப்போது உயிரையே நேரடியாகக் காப்பாற்றுகிறார். உப்பை விடு, ஊறுகாயை விடு, வைட்டமின் ஆறு வகை எடு, மாத்திரை தானாக விலகும் என்றார். நான் தானாக விலகும்வரை காத்திருக்கவில்லை, அன்றே விட்டேன். உன் அண்ணி துவரம்பருப்பில் உப்பில்லாத பப்பு செய்தாள். அதைச் சாப்பிடும்போது சுவரில் பூசுகிற சுண்ணாம்பு ஞாபகம் வரும். ஆவக்காய் ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொடுத்தேன், ஒரு வாரம் அந்த வீட்டுப் பக்கம் மூக்கைத் திருப்பவில்லை. காலையில் பீட்ரூட் சாறு, மத்தியானம் முருங்கைக்கீரை, ஆளிவிதை, டி வைட்டமின், மக்னீசியம், பெயர் வாயில் நுழையாத ஒன்று, அப்புறம் மஞ்சளாகக் கண்ணாடி மாதிரி ஒரு குளிகை. அந்தப் புட்டியில் மீன் படம் போட்டிருப்பதை இரண்டு மாதம் கழித்துத்தான் உன் அண்ணி பார்த்தாள். நம் வம்சத்தில் ஏழு தலைமுறையாக மீனை ஆற்றில் மட்டுமே பார்த்தவர்கள். சுவாமி அறையைக் கழுவிவிட்டாள். மருந்துக்குத் தோஷம் இல்லை என்றேன். "மாத்திரைக்கு மட்டும் எங்கேருந்து தோஷம் வந்துது?" என்றாள். நான் பேப்பரை விரித்துக்கொண்டேன்.

முதல் வாரம் 176, 180 என்று ஏறியது. பழைய நஞ்சு வெளியேற ஏழெட்டு நாள் பிடிக்கும் என்று லீலாகிருஷ்ணா சொன்னார். சொல்லிவைத்தாற்போல இரண்டாவது வாரத்திலிருந்து இறங்கி 130/82இல் வந்து நின்றுவிட்டது. கால் வீக்கம் மட்டும் போகவில்லை, மிச்ச நஞ்சு கீழே இறங்குகிறது என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த முகாமில் என்னை மேடையேற்றி சால்வை போட்டார்கள். பட்டாபி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வருஷம் ஒரே தபால் வண்டியில் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டவன். மறுநாள் காலை படித்துறையில் நடக்கும்போது கேட்டான்.

"நெசமாவே மாத்திரை போடலியா நீ?"

"அஞ்சு மாசமாச்சுடா. என்னைப் பாரு."

"பாத்துட்டுத்தான் கேக்கறேன். எனக்கு உன்னைவிட ஜாஸ்தியாச்சே?"

"அப்ப உனக்கு ரெண்டு புட்டி ஜாஸ்தி, அவ்வளவுதான்."

சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தான். இன்னும் ஒன்பது இருந்தன. கோதாவரியில் வீசினான். அட்டை முழுகாமல் மிதந்துகொண்டே போனதைப் பார்த்து இரண்டுபேரும் சிரித்தோம். நான் கை தட்டினேன், தம்பி.

அவனுக்கு இறங்கவே இல்லை. பின்மண்டை வலிக்கிறது என்றான், நஞ்சு என்றேன். படிக்கட்டு இரண்டாகத் தெரிகிறது என்றான், மக்னீசியத்தைக் கூட்டிக்கொள் என்றேன். "உனக்கு எத்தினி நாள்ல இறங்குச்சு?" என்று தினமும் கேட்பான், பரீட்சையில் தோற்ற பையன் மாதிரி. எட்டு நாள் என்பேன். அவனுக்கு எட்டு வாரம் ஆகியும் இறங்கவில்லை.

நவம்பரில் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருக்கிறோம் என்று வங்கியில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் அல்லவா, இரண்டுபேரும் சேர்ந்தே போனோம். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வந்தான், வாய் ஒரு பக்கமாகப் போயிற்று. கையெழுத்துப் போட வேண்டிய படிவம் கையிலிருக்க அப்படியே என்மேல் சாய்ந்தான். தூக்கிப் பெஞ்சியில் போட்டோம். கவுண்டரில் இருந்த பெண் எழுந்து நின்று, "அவர் கையெழுத்துப் போட்டுட்டாரா சார்?" என்று கேட்டாள். அவள்மேல் தப்பில்லை, அது அவள் வேலை. போடவில்லை என்றேன்.

ஆஸ்பத்திரியில் 230/130. மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். "மாத்திரையை யாரு நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டர் பொதுவாகக் கேட்டார். பட்டாபியின் மனைவி நாகமணி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நாள் இருந்தான், பேச்சு இல்லை. இடது கையால் என் விரலைப் பிடித்து ஒவ்வொன்றாக எண்ணுவான், எட்டில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். நான்காம் நாள் காலையில் போய்விட்டான்.

பதினோராம் நாள் காரியத்துக்கு அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது நாகமணி ஒரு பையில் அவனுடைய புட்டிகளைப் போட்டுக் கொடுத்தாள். "எடுத்துட்டுப் போங்க அண்ணா. உங்களுக்குத்தான் ஒத்துக்குதே" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. தண்ணீர் குடிக்க நான் அவர்கள் சமையலறைக்குள் போனபோது ஒன்றைப் பார்த்தேன். பரணுக்குக் கீழே ஆவக்காய் ஜாடி, பாதி காலி. திருட்டுத்தனமாகச் சாப்பிட்டிருக்கிறான். அதுதான் காரணம். அதுவாகத்தான் இருக்க வேண்டும், வேறென்ன இருக்க முடியும்? அதே புட்டி, அதே கீரை, அதே தண்ணீர். நான் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன், ஆவக்காய் ஒன்றுதான் வித்தியாசம். படித்துறைக்கு இப்போதெல்லாம் நான் போவதில்லை. வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன்.

ஆகையால் தம்பி, தைரியமாக விடு. ஊறுகாயை மட்டும் கண்ணால் பார்க்காதே. பட்டாபியின் புட்டிகளைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், இரண்டு உடைக்கவே இல்லை. முதல் வாரம் ஏறினால் பயப்படாதே, எட்டு நாள் பொறு.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். எல்லோரும் நூறு வயது தாண்டி, கண் தெரிந்து, காது கேட்டு, வங்கிக்குத் தாமாக நடந்துபோய் வரும்படி இருக்க வேண்டும்.

உன் அண்ணன்,
வேமூரி கோடேஸ்வர ராவ்

பின்குறிப்பு:

தம்பி, நான் அண்ணி எழுதுறேன். கவரை ஒட்டச் சொல்லி என்கிட்ட குடுத்துட்டு உங்க அண்ணன் படுத்திருக்கார். படிச்சேன். மாத்திரையை விடாதே. பார்சல் வந்தா அப்படியே குப்பையில போடு.

அவர் மாத்திரையை விடவே இல்லை. அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அவர் நிறுத்தின எட்டாம் நாள் 180ஐப் பாத்துட்டு மருந்துக்கடைக்குப் போனேன். அன்னிலேருந்து தினமும் காலையில மாத்திரையைப் பொடி பண்ணி ராகிக் கஞ்சியில கலக்கறேன். இறங்குச்சு. அவர் சந்தோஷப்பட்டார், சால்வையெல்லாம் போட்டாங்க. சொன்னா கஞ்சியையும் நிறுத்திடுவார்னு வாயைத் திறக்கலை.

பட்டாபி அண்ணா மாத்திரையை ஆத்துல வீசினது தெரிஞ்ச அன்னிக்கே நாகமணிகிட்ட ஓடினேன். "அவரை நிறுத்த விடாதேடி" ன்னேன். "உங்க வீட்டுக்காரர் நல்லாத்தானே இருக்கார் அக்கா, இவரு மட்டும் ஏன் போடணும்?" னு கேட்டா. வாய் வரைக்கும் வந்துது. பட்டாபி அண்ணாவுக்குத் தெரிஞ்சா மறுநாளே இவருக்குத் தெரிஞ்சுடுமேன்னு நெனச்சேன். அடுப்புல பால் இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அடுப்புல ஒண்ணும் இல்லை.

அந்த ஊறுகாய் நாகமணி சாப்பிடறது. பட்டாபி அண்ணா தொடலை. அவ என்கிட்ட சொல்லி அழுதா.

இதை உங்க அண்ணனுக்கு எழுதிடாதே. நாளைக்கும் கஞ்சி காய்ச்சணும். நாகமணிகிட்ட மட்டும் நான் போய்ச் சொல்லியாகணும். ரெண்டு தடவை தெரு முனை வரைக்கும் போய்த் திரும்பிட்டேன். என்னன்னு ஆரம்பிக்கறது, நீ யோசிச்சு எழுது. கவர் மேல என் பேரைப் போடு.