உப்பு சார் ‘விடலாம்’ என்றார்

உப்பு சாரின் நாக்கில் படாமல் தஞ்சாவூரில் எந்தச் சாம்பாரும் பந்திக்குப் போனதில்லை என்று எழுதினால் சண்டைக்கு வர நாலு பேர் இருக்கிறார்கள். வரட்டும். எங்கள் தெருவைப் பொறுத்தவரை அதுதான் நிலவரம்.

அவருக்கென்று ஒரு பெயர் ஆதார் அட்டையில் இருந்திருக்கும், யாரும் பார்த்ததில்லை. மின்சார ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமோ காதுகுத்தோ, சமையற்காரர் கரண்டியோடு அவரைத் தேடி வந்துவிடுவார். “உப்புப் பாத்துச் சொல்லுங்க சார்.” இவர் வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டுவார். ரெண்டு சொட்டு விழும். நக்கிவிட்டுக் கண்ணை மூடுவார். அப்புறம் ஒரே ஒரு சொல். சரியாக இருந்தால் “விடலாம்”, அதாவது பந்திக்கு விடலாம். சரியில்லை என்றால் “நிறுத்து”. ‘நல்லாருக்கு’ என்று அந்த மனிதர் சொல்லி யாரும் கேட்டதில்லை. முகத்துக்காகச் சொல்கிற பழக்கமே கிடையாது.

திருவாரூரில் ஒரு கல்யாணம். சமையல்கட்டு மணவறைக்குப் பின்னாலேயே இருந்தது. ரசத்தை நக்கிய உப்பு சார், “நிறுத்து” என்று ஒரு சத்தம் போட்டார். மேளம் நின்றுவிட்டது. மாப்பிள்ளை கையில் தாலியோடு அப்படியே சிலையாகிவிட்டார். பெண்ணின் அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டி, “யாருங்க நிறுத்தச் சொன்னது?” என்று ஓடி வந்தார். “ரசத்தைச் சொன்னேங்க. புளி தூக்கல். நீங்க பாட்டுக்குத் தாலியக் கட்டச் சொல்லுங்க” என்றார் இவர்.

தெருவோடு வேன் வைத்து நாகப்பட்டினம் போனபோது எல்லாரும் கடலில் கால் நனைத்தோம். இவர் அலைத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி ஒரு நக்கு நக்கி, “கொஞ்சம் தூக்கல்தான்” என்றார்.

என் சாம்பாரை மட்டும் அவர் ஒரு தடவைகூட விட்டதில்லை. எதிர் வீடுதானே என்று பாசமாகக் கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுப்பேன். வாசலில் நின்றே, “நிறுத்தும்மா, உப்புப் பத்தலை” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இனி என் மகள் அபியின் கதை. உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டுப் பெங்களூரில் வேலைக்குப் போனாள். என்ன வேலை என்று கேட்டதற்கு, “புளிக்க வைக்கிற செக்‌ஷன்மா” என்றாள். புளிக்க வைக்கிறது என்றால் நமக்கு என்ன தெரியும்? இட்லி மாவுதான். என் பெண் பாக்கெட் மாவுக் கம்பெனியில் பெரிய ஆள் என்று தெரு பூராவும் தண்டோரா போட்டுவிட்டேன். மாவு பொங்கவில்லை என்றால் அபிக்குப் போன் போடுங்கள் என்று நம்பர்கூடக் கொடுத்தேன்.

பொங்கலுக்கு வந்தவள் பையிலிருந்து பாட்டில்களை எடுத்து வைத்தாள். “நானே பக்குவம் பாத்துச் செஞ்சதும்மா. பேல் ஏல்.”

“ஏலக்காய் போட்டதாடி?”

“பீரும்மா.”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் விவசாயி, பரம சாது. அவரே கத்திவிட்டார். “சாராயம் காய்ச்சவா ஒன்னப் படிக்க வெச்சேன்?”

“நம்ம வயல் அரிசியும் கொஞ்சம் போட்டிருக்கேன்ப்பா” என்றாள், அவரைக் குளிர வைப்பதாக நினைத்துக்கொண்டு.

வெண்ணாற்றுத் தண்ணீருக்குக் காத்துக் கிடந்து விளைவித்த அரிசி. மனிதர், “இனிமே பெங்களூர் கிடையாது” என்று முடித்துவிட்டார்.

அபி அழவில்லை. “உப்பு சார் பாத்துச் சொல்லட்டும்ப்பா. அவர் நிறுத்துன்னா நான் திரும்பிப் போகலை. விடலாம்னா நீங்க மறிக்கக் கூடாது” என்றாள். எங்கள் வீட்டுக்காரர் உடனே ஒத்துக்கொண்டார். ஏன் ஒத்துக்கொள்ள மாட்டார்? உப்பு சார் இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டு, சாராய வாடை, வேண்டாம் என்கிறவர்.

உப்பு சார் வந்தார். விஷயத்தைச் சொன்னோம். தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவார் என்று பார்த்தால், “உப்புப் பாக்கறது வேற, குடிக்கறது வேற. ஊத்தும்மா” என்று உட்கார்ந்துவிட்டார்.

கண்ணாடி டம்ளரில் பார்க்க வேண்டும், முதலில் நிறம், அப்புறம் மணம், அப்புறம்தான் வாய் என்று அபி பாடம் எடுத்தாள். உருக்கின நெய் நிறம். மோந்து பார்த்து, “நாரத்தை எலையக் கசக்கினாப்ல இருக்கே” என்றார். அதோடு பாடம் முடிந்தது. உள்ளங்கையை நீட்டிவிட்டார். கையில் நுரை பொங்கியது. “சோப்புக் கீப்புப் போட்டியா?” என்று கேட்டுக்கொண்டே நக்கினார். முகம் அஷ்டகோணலாகி, காது ரெண்டும் தனியாக அசைந்தது.

“கசக்குதா சார்?” என்று ஆசையாகக் கேட்டார் எங்கள் வீட்டுக்காரர்.

“கசக்குது. என்னம்மா போட்ட?”

“ஹாப்ஸுன்னு ஒரு பூ சார். மணம், கசப்பு ரெண்டும் அதுலேருந்துதான் வருது.”

அபி துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே நின்றாள். உப்பு சார் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். இன்னொரு கை வாங்கி நக்கிவிட்டுக் கண்ணை மூடினார்.

“விடலாம்.”

“கசக்குதுன்னீங்களே சார்,” என்றார் இவர், அழாத குறையாக.

“வேப்பம்பூ ரசம் கசக்கலையா? அதுக்காக வெச்சவளை வீட்ல பூட்டியா வெக்கிறோம்?”

எங்கள் வீட்டுக்காரர் நேராக வயலுக்குப் போய்விட்டார். பொங்கல் முடிந்ததும், வாக்குக் கொடுத்த பாவத்துக்கு, முறைத்துக்கொண்டே அவள் பையைத் தூக்கிப் போய் ரயிலேற்றிவிட்டு வந்தார்.

ஆனால் பீரை நக்கிப் பார்த்த அன்றைக்கே கொல்லைப்புறத்தில் இன்னொன்று நடந்தது. குழாயடியில் உப்பு சார் கொப்பளித்துக்கொண்டே இருந்தார். “ஒரு சிட்டிகை உப்புக் குடும்மா” என்று வாங்கி நாக்கில் தேய்த்துக்கொண்டார். “நாக்கே செத்துப் போச்சும்மா. அது நல்லதா கெட்டதான்னே எனக்குப் பிடிபடலை.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரசத்துக்காகத் தாலியையே நிறுத்தி வைத்த மனிதர் இவர். “அப்புறம் எதுக்கு சார் விடலாம்னீங்க?”

“நான் பீரையா சொன்னேன்? புள்ளையச் சொன்னேம்மா.”

மறுநாள் என் சாம்பாரை நக்கிவிட்டு, “நிறுத்தும்மா, உப்புப் பத்தலை” என்றார். எனக்குக் கோபமே வரவில்லை. உள்ளே போய் உப்பைப் போட்டுக் கலக்கி, முதல் கரண்டியை அவர் உள்ளங்கையில்தான் விட்டேன்.