கால்ல விழுற சாஸ்திரம்

இன்னிக்கு பொண்டாட்டி கால்ல விழுந்தே தீரணும்னு சிவராம் முடிவு பண்ணிட்டான். பயத்துல இல்ல. சாஸ்திரப்படி.

செங்கம் ரோட்டுல, ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்துல, வெள்ளைக்காரங்களுக்கு சமஸ்கிருதக் காதல் கவிதை சொல்லிக் குடுக்கிற பெரிய மனுஷன் அவன். புருஷனப் பிரிஞ்ச நாயகிக்கு உடம்பு கொதிக்கும், வளையல் கழண்டு விழும், சந்தனம் பூசணும், தாமரை இலையால விசிறணும்னு கண்ணு கலங்கப் பாடம் எடுப்பான். போன வாரம் பக்கத்து ரூம்ல அவன் பொண்டாட்டி சைலஜாவுக்கு நிஜமாவே உடம்பு கொதிச்சுது. வளையலும் கழண்டுது. எட்டிப் பாத்தவன், "கவிதை மாதிரியே இருக்க சைலு!"ன்னான். அந்தக் கையத் தூக்கி கிளாஸுக்கு உதாரணம் காட்டினான். சந்தனமும் பூசினான். மூணு நாள்.

அது டெங்கு.

மாடி வீட்டு நூரைன்தான் ஆட்டோவுல போட்டுக்கிட்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினா. இன்னும் அரை நாள் விட்டிருந்தா பொணமாத்தான் வாங்கிட்டுப் போயிருப்பீங்கன்னு டாக்டர் சொன்னாரு.

இன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் வராததுமா சைலஜா பொட்டி கட்டிட்டா. வேலூர்ல அக்கா வீடு. போனா போனதுதான், திரும்பி வர மாட்டா.

"போகாத சைலு. இது மானம்."

"ஆமாங்க, மானம்தான். அதான் போறேன்."

"ஐயோ, அந்த மானம் இல்ல! சமஸ்கிருதத்துல மானம்னா ஊடல். செல்லக் கோவம். அதத் தீக்க ஆறு வழி இருக்கு."

"சாகக் கிடந்தேங்க. அது செல்லமா?"

"குறுக்க பேசாத. நாலாவது வழி, கால்ல விழுறது. விழுந்தா நாயகி உருகணும்."

"உருகலன்னா?"

"உருகாத நாயகியே கிடையாது!"

"அதெல்லாம் எழுதினது ஆம்பளைங்களா, பொம்பளைங்களா?"

"ஆம்பளைங்கதான் ஜாஸ்தி."

"அதானே பாத்தேன்."

அவ கட்டில் ஓரமா உக்காந்தா. இவன் தொபுக்கடீர்னு விழுந்தான்.

"கண்ணத் தொறக்காதீங்க. மூஞ்சியத் தூக்காதீங்க. உங்க மூஞ்சியப் பாத்தா உருகுறது நின்னுடும்."

"அப்ப உருகுதா?"

"இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. டைம் ஆகும். சுலோகம் சொல்லுங்க."

சொன்னான். ஒண்ணு ரெண்டு இல்ல, அறுபது. நடுவுல கைய நீட்டி கால கெட்டியாப் புடிச்சான். ஜில்லுனு இருந்துச்சு. ஜுரம் சுத்தமா விட்டுடுச்சுன்னு சந்தோஷம் வேற. பன்னெண்டு வருஷம் குடும்பம் நடத்தின கால் ஆச்சே, தெரியாதா அவனுக்கு!

"சைலு, உருகிட்டியா?"

பதில் இல்ல. வெக்கப்படுறான்னு நெனச்சி, இன்னும் பத்து சுலோகம் சேத்துச் சொல்லி, அந்தக் கால்மேலயே கன்னத்த வெச்சி அழுதான்.

கதவாண்ட நூரைன் வந்து நின்னா.

"அக்காவ வேலூர் பஸ் ஏத்தி விட்டுட்டு வரேன். இன்னா சார் நீங்க, கட்டில் காலக் கட்டிக்கிட்டு அழுவுறீங்க?"