துரைசானி நாய்க்குக் கவ்வாத்து வெட்டியது

வேலை வேண்டும் என்கிறவன் எதைக் கேட்டாலும் தெரியும் என்றுதான் சொல்வான். நானும் சொன்னேன். கேட்டது நாயைப் பற்றி என்பதால் அது பொய் என்றுகூடத் தோன்றவில்லை. நாய் என்றால் நாய்தானே? ஒரு வால், நான்கு கால். (கால் விஷயத்தில் இவ்வளவு சிக்கனம் செய்ய முடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.)

நானும் என் மனைவி மாரியும் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் ஓர் அறையில் இரண்டு குடும்பம். நடுவில் ஒரு பழைய சேலை. அவர்கள் தும்மினால் எங்கள் பக்கம் சேலை ஆடும். நான் தற்காலிக ஆள். நிரந்தர ஆட்களின் பட்டியலில் திங்கட்கிழமை தோட்ட மேனேஜரான துரை கையெழுத்துப் போடுவார். பெயர் இருந்தால் தனி அறை. இல்லாவிட்டால் மறுபடி மூட்டை கட்ட வேண்டும். ஒரு கடலைத் தாண்டி அவிழ்த்த மூட்டையின் கயிறு இன்னும் மூலையில்தான் கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை, ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கிளார்க் கேட்டார்: "தொரையும் தொரைசானியும் ஒரு கல்யாணத்துக்குக் கோயமுத்தூர் போறாங்க. ஞாயித்துக்கிழம சாயந்தரம் வர வரைக்கும் அவங்க நாயைப் பாத்துக்கோணும். யாருக்குங்க நாய் பழக்கம்?"

யோசிப்பதற்குள் என் கை உயர்ந்துவிட்டது. "சிலோன்ல பெரிய தொரை பங்களா நாயோட எனக்கு நல்லாப் பழக்கங்க ஐயா." (பழக்கம் என்பது, அது ஒருமுறை என்னை ஃபேக்டரி வரை துரத்தியது.)

பங்களாவில் பாபியைப் பார்த்தேன். நீளமுடி டாஷண்ட் என்று சமையல்காரர் ரங்கண்ணன் சொன்னார். உடம்பு ஒன்றரை நாய்க்கு இருந்தது, கால் அரைப் பூனைக்கு. காதிலும் வயிற்றிலும் செம்பட்டு முடி தொங்கித் தரையைப் பெருக்கியது. குரைத்தால் ஃபேக்டரிச் சங்கு.

"ஏனுங்க, தூக்கறப்ப நெஞ்சுக்கு ஒரு கை, பொறத்தால ஒரு கை குடுத்துத் தூக்கோணும். படியில குதிக்க வுட்றாதீங்க. முதுகு புடிச்சுக்கிச்சுன்னா அப்புறம் நடக்காதுங்க," என்றார் ரங்கண்ணன்.

பங்களாவுக்குப் பதினான்கு படி. இரண்டு நாள் அதைக் கண்ணாடிச் சாமான் போல இரண்டு கையிலும் ஏந்தி ஏறி இறங்கினேன். முதுகு பிடித்தது எனக்கு. கீழே விட்டால் மூக்கைத் தரையில் ஒட்டிக்கொண்டு போகும். கூப்பிட்டால் நிற்கும், திரும்பிப் பார்க்கும், யோசிக்கும், எதிர்த் திசையில் போகும். வளைக்குள் நுழைந்து வேட்டையாடுவதற்கென்றே ஜெர்மனியில் வளர்த்த இனம் என்று பல ஆண்டு கழித்து நூலகத்தில் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாபி அதைச் செய்தே காட்டிவிட்டது.

தேயிலைச் சரிவில் ஒரு முள்ளம்பன்றி வளை. சங்கிலி என் கையிலிருந்து நழுவியது. தலை உள்ளே போயிற்று, முதுகு போயிற்று, இன்னும் கொஞ்சம் முதுகு போயிற்று, கடைசியில் சாமரம் போன்ற வாலும் போயிற்று. குப்புறப் படுத்து, "பாபி! பாபி ஐயா!" என்று மரியாதை சேர்த்துக் கூப்பிட்டேன். மூன்று வரிசை தள்ளி, வேருக்கடியில் குரைப்புக் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. மண்ணுக்குள் புதைந்துகொண்டிருப்பது எங்கள் தனி அறை என்றே எனக்குத் தோன்றியது.

அரை மணி கழித்துச் சரிவின் வேறொரு ஓட்டையிலிருந்து பாபி வந்தது. உடம்பெல்லாம் சேறு, அட்டை, ஒட்டுப்புல் விதை. பட்டுமுடி கயிறாகத் திரிந்திருந்தது. லயத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மாரி சீப்பை வைத்தாள். நாய் வீறிட்டது. சீப்பில் இரண்டு பல் போயிற்று. "ஏலாதுங்க," என்றாள்.

"வெட்டிருவோம்."

"ஐயோ, தொரைசானி நாயிங்க!"

"கவ்வாத்து வெட்டினா தேயில நல்லாத் தழைக்குதா இல்லையா? முடி மட்டும் தழைக்காதா?"

தேயிலைச் செடியைச் சில ஆண்டுக்கு ஒருமுறை ஒரே மட்டமாக வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. எனக்குக் கைவந்த ஒரே வித்தை. மாரி தலையைப் பிடித்துக்கொள்ள, கத்தரியால் ஆரம்பித்தேன். இடப்பக்கம் கொஞ்சம் இறங்கிவிட்டது. மட்டம் பார்த்து வலப்பக்கத்தை இறக்கினேன். அது கூட இறங்கியது. முடித்து நிமிர்ந்தபோது எங்கள் முன்னால் நின்றது நான்கு கால் முளைத்த ஒரு பெரிய அட்டை. அதுவும் குளிரில் நடுங்கும் அட்டை. என்னிடம் இருந்த ஒரே ஸ்வெட்டரின் கையை வெட்டி மாட்டிவிட்டேன். அளவெடுத்துப் பின்னியது போல் பொருந்தியது.

சாயந்தரம் ஜீப் வந்தது. "இது யாரோட நாய்?" என்றார் துரைசானி. பாபி சங்கு ஊதிப் பதில் சொன்னது. அவர் அப்படியே படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

"யார் வேலை இது?" என்றார் துரை.

"நாந்தாங்க ஐயா. கவ்வாத்து..." என்று இழுத்தேன்.

துரைசானி கண்ணைத் துடைத்துக்கொண்டு கத்தினார்: "இவன சும்மா விடாதீங்க! பாபிக்குப் பழையபடி முடி வளர்ற வரைக்கும் தினமும் இவன்தான் வந்து சீவணும். அதுவரைக்கும் இந்தத் தோட்டத்த விட்டு எங்கயும் போகக் கூடாது!"

ஜீப்பைக் கண்டு வந்திருந்த கிளார்க் தொண்டையைச் செருமினார். "இவரு தற்காலிக ஆளுங்க. நாளையோட முடியுதுங்க."

"அப்போ நிரந்தரத்துல போடு. தப்பிச்சுப் போயிடப் போறான்," என்றார் துரை.

போ என்று சொன்னவர்களைத்தான் இரண்டு நாட்டிலும் பார்த்திருந்தேன். போகக் கூடாது என்று எங்களைத் திட்டியவர் துரைசானி ஒருவர்தான். நின்ற இடத்தில் தேம்பித் தேம்பி அழுதேன். செய்த தப்பை உணர்ந்து அழுகிறான் என்று துரைசானிக்குக்கூட மனம் இளகியது.

தனி அறை கிடைத்தும் மாரிக்குப் பயம் போகவில்லை. முடி வளர்ந்துவிட்டால் தண்டனை தீர்ந்துவிடுமே? தினமும் நான் சீவிவிட்டு வந்ததும், "இன்னைக்கு எம்புட்டு வளந்திருக்கு?" என்பாள். நாய்க்கு முடி வளரக் கூடாது என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டது இந்த மலையில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். பாபியின் காதில் பழைய பட்டு தொங்க ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. மூலையில் கிடந்த கயிற்றை மாரி துணி காயப்போடக் கட்டினாள்.

இப்போது எனக்கே காதோரம் நான்கு முடிதான். அதை வெட்டிக்கொண்டு திரும்பும்போதெல்லாம் மாரி வாசலில் நின்று, பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க, துரைசானி குரலில் உத்தரவு போடுகிறாள்: "பழையபடி வளர்ற வரைக்கும் எங்கயும் போகக் கூடாது!"