சேவலை எழுப்பிய டீச்சர்

ஜவ்வாது மலையில் சேவலையே எழுப்பிவிட்ட ஒரே மனுஷி எங்கள் நாலு மணி டீச்சர்தான். ஹாஸ்டல் வார்டனும் அவரே, பிளஸ் டூவுக்கு வேதியியல் ஆசிரியையும் அவரே. தப்பிக்க வழியே கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ ஒன்று இருந்திருக்கும். நாங்கள் அதைச் சட்டை செய்யவில்லை.

பக்கத்துக் காவலூர் வானாய்வகத்தில் ராத்திரியெல்லாம் விழித்து நட்சத்திரம் பார்க்கிறவர்கள்கூட மேகம் மூடினால் படுத்துவிடுவார்கள். டீச்சருக்கு மேகமும் கிடையாது, மழையும் கிடையாது. மார்கழிக் குளிரில் நாலு மணிக்கு வந்து போர்வைகளை உருவி, ஆபீஸ் அறையில் போட்டுப் பூட்டிவிடுவார்.

"இன்னாடி இன்னும் தூக்கம்? மார்க்கு இன்னா வூடு தேடி வருமா?"

உட்கார்ந்தால் தூங்குகிறோம் என்று நின்றுகொண்டே படிக்க வைத்தார். என் தோழி செல்வி நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டாள். கொட்டாவி வந்தால் கடித்துக்கொள்ளச் சொல்லி ஆளுக்கொரு பச்சை மிளகாய் கொடுத்தார். செல்வி அதைக் களிக்குத் தொட்டுக்கொள்ள எடுத்து வைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் எரிச்சல் எரிச்சலாக வரும்.

"நீங்க தூங்கவே மாட்டீங்களா டீச்சர்?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ரிசல்ட் வரட்டும், தூங்குறேன். நீ ஃபெயிலானா மறுநாளே உங்க வூட்ல மாப்ள பாத்துடுவாங்க. அப்புறம் எனக்கு எங்கடி தூக்கம் வரும்?"

பொதுத் தேர்வு வந்தது. கணக்குப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதிவிட்டுக் கண்ணைக் கொஞ்சம் மூடினேன். கன்னத்தில் கை வைத்து யோசிப்பது போலவே தூங்கியிருக்கிறேன், மேற்பார்வையாளரே ஏமாந்துவிட்டார். விழித்தபோது பெரிய கேள்விகள் எல்லாம் பாக்கி, நேரம் முடியப் போகிறது. பாஸாவேனா என்பதே சந்தேகம்.

ஹாஸ்டலுக்கு வந்து டீச்சரிடம் கத்தினேன். "எல்லாம் தெரிஞ்ச கணக்கு டீச்சர்! தூங்கிட்டேன்! உங்களாலதான்!"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு தன் அறைக்குள் போய்விட்டார். அப்படி அவரை நாங்கள் பார்த்ததே இல்லை.

அடுத்தது வேதியியல், அவருடைய சொந்தப் பாடம். அன்றைக்கு விடிகாலையில் கதவை யாரும் தட்டவில்லை. பழக்கதோஷம், எனக்குத்தான் விழிப்பு வந்துவிட்டது. போர்வை என் மேலேயே இருந்தது. வெளியே ஏதோ தடதடவென்று சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சமையல்கார அக்காவின் சேவல் முன்னால் ஓட, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டீச்சர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

"கத்தாத, சனியனே!" என்று ரகசியக் குரலில் அதட்டினார். "புள்ளைங்க தூங்குதுங்க."

கணக்கில் தட்டுத் தடுமாறிப் பாஸானதெல்லாம் பிறகு. அப்போது போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டேன். அழுகை வந்தது. அழுது முடிப்பதற்குள் தூங்கிவிட்டேன்.