சம்பளம் இல்லாத உதை

பேச ஆளில்லாதவர்கள் ஒரு கூட்டத்தில் சேர என்ன வேண்டுமானாலும் செய்வார்கள். சிலர் பஜனைக்குப் போவார்கள். நான் புட்பால் ஆடப் போனேன்.

அப்போது பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் கல்லூரியில் கம்பவுண்டர் படிப்பு. சிறுவயதில் விதவையான என்னை, சேரன்மகாதேவி ஊரே திரண்டு தடுத்தும், அப்பா தன் செலவில் அனுப்பியிருந்தார். நிபந்தனை ஒன்றுதான்: சமையல் தனி, சாப்பாடு தனி. அதனால் விடுதிக் கோடியில் எனக்கென்று ஓர் அறை, ஓர் அடுப்பு. மற்றப் பெண்கள் மரியாதைக்காரர்கள். "வாரோம்க்கா", "போறோம்க்கா" என்பார்கள். அதற்கு மேல் ஒரு சொல் வராது. நாளடைவில் மருந்துப் புட்டிகளோடு பேச ஆரம்பித்தேன். (சோடா உப்பு பொறுமையாகக் கேட்கும். கசப்புக் கொயினாவோடு எனக்கு ஒத்துப்போகவில்லை.)

உபகாரச் சம்பளம் வாங்கும் பெண்கள் மாலையில் புட்பால் ஆடியே தீரவேண்டும் என்பது கல்லூரியை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா போட்ட சட்டம். சொந்தக் காசில் படித்த எனக்கு அந்தத் தண்டனை இல்லை. ஆனால் ஆட்டம் முடிந்ததும் அவர்கள் வேப்பமரத்தடியில், ஒருத்தி மடியில் ஒருத்தி காலை நீட்டிச் சிரிப்பது என் ஜன்னலில் தெரியும். அந்த மரத்தடிக்குப் போக எனக்குத் தெரிந்த ஒரே வழி மைதானம்தான்.

அணித் தலைவி தேவகிருபை, கூடங்குளத்துக்காரி. நான் கேட்டதும் விழித்தாள்.

"அக்கா, உங்களுக்குத்தான் உபகாரச் சம்பளம் கிடையாதே. பொறவு எதுக்கு உதைபடணும்?"

"சும்மாதான்."

"பந்து மாட்டுத்தோலுக்கா."

"குளிச்சிக்கிடுதேன்."

சேர்த்துக்கொண்டாள். விதிகளை மருந்து அளவு மாதிரி மனப்பாடம் செய்தேன். கை படக்கூடாதாம், கால் படலாமாம். எங்கள் வீட்டில் நேர்மாறு. யார் மேலாவது கால் பட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் நான் நகர்ந்ததே இல்லை. ஆடிப் பழகும் நாட்களில் இதனால் தொல்லை வரவில்லை. பந்து வந்தால் விலகி வழிவிட்டுவிடுவேன்.

பிறகு, ஆசிரியப் பயிற்சிப் பெண்களோடு போட்டி வந்தது. "இன்னைக்கு ஒழுங்கா ஆடினா நீங்க நம்ம கூட்டம். இல்லேன்னா பைய விலகிக்கிடுங்கக்கா" என்றாள் தேவகிருபை.

சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு எங்கள் கோல் கம்பத்தின் அருகே நின்றேன். ஆட்டம் முடியும் நேரம், இரு பக்கமும் சமம். எதிரணிப் பெண் ஒருத்தி பந்தோடு ஓடி வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு உதைத்தேன். பந்து தப்பித்தது, அவள் கணுக்கால் தப்பிக்கவில்லை.

பந்து என் முன்னால்தான் கிடந்தது. தட்டிவிட்டிருந்தால் போதும். நானோ குனிந்து, அவள் காலைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, "மன்னிச்சிக்கிடும்மா" என்றேன். அவளும் பழக்க தோஷத்தில் என் தோளைப் பிடித்து, "இருக்கட்டும்க்கா" என்றாள். நாங்கள் இப்படி உபசாரம் செய்துகொண்டிருக்கையில், அவள் தோழி வந்து பந்தை என் முதுகுக்கு மேலாகக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பிவிட்டாள்.

"ஏட்டி கோட்டிக்காரி!" தேவகிருபை மறுகோடியிலிருந்து அலறினாள். "கும்பிடுத நேரமாட்டி இது?"

நான் அழுதேன். அவமானம் என்று நினைத்திருப்பார்கள். அந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஒருவரும் என் தோளைத் தொட்டதில்லை, ஒருவரும் உரிமையோடு 'ஏட்டி' என்று கூப்பிட்டதில்லை. இரண்டும் சேர்ந்து வந்தால் யார்தான் தாங்குவார்கள்?

அணியிலிருந்து அன்றே நீக்கினார்கள். நியாயம்தான். பெட்டிப் பாம்பு போல என் அறைக்குள் போய் முடங்கப் பார்த்தேன். தேவகிருபை மரத்தடியிலிருந்து கூப்பிட்டாள்: "எங்கட்டி போறே? இங்கன உக்காரு. இனிமே நீ பந்துப் பக்கமே வரப்பிடாது, கேட்டியா?"

இந்தக் கதையை வீட்டில் சொன்னதுதான் பெரிய தப்பு. இப்போது சேரன்மகாதேவி வீட்டில் யார் கால் யார் மேல் பட்டு, குனிந்து கண்ணில் ஒற்றிக்கொண்டாலும், மற்றவர்கள் "கோல்!" என்று கத்துகிறார்கள். தம்பிக்குப் பெண் பேச வந்த பெரியவர் இந்தக் கூச்சலில் மிரண்டு, வந்த வேலையை மறந்து எழுந்து நின்றுவிட்டார்.

நான் இப்போது அம்பாசமுத்திரத்தில் மருந்து கொடுக்கிறேன். தனி வீடு. சில சமயம் மேசைக்கடியில் புத்தகக் கட்டின் மேல் கால் பட்டுவிடும். குனிந்து தொட்டு ஒற்றிக்கொண்டு நிமிர்வேன். கத்த ஆள் இருக்காது.

"கோல்" என்று நானே சொல்லிக்கொள்வேன்.