எண்ணெய்க் கப்பலில் விழுந்த மேல் வரிசை

சம்பந்தி அவர்கள் சமூகத்துக்கு,

பணிவான வணக்கம். இங்கே நான், என் வீட்டுக்காரி, எங்கள் மகள், தங்கள் மகன் நால்வரும் சுகம். தாங்களும் சம்பந்தியம்மாவும் அப்படியே இருக்க வேண்டும். திடீர்க் கடிதம் என்று பதற வேண்டாம். மாப்பிள்ளையின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கும், ஆகவில்லை. கண் காது மூக்கு வைத்து வேறு யாராவது தங்களிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

மாப்பிள்ளை மேற்பார்வையில் இருந்த எண்ணெய்க் கப்பல் முடிந்துவிட்டது, மறுநாள் அதைக் கட்டிய டாக் பள்ளத்தில் தண்ணீர் விட்டு மிதக்கவிடப் போகிறார்கள், வீட்டு ஆட்கள் வந்து பார்க்கலாம் என்றார்கள். போனோம். கீழே நின்று பார்த்தால் கப்பல் எங்கே தெரிகிறது, சிவப்புப் பெயின்ட் அடித்த சுவர்தான் தெரிகிறது; மேலே போனால் முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு ஒருவர் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறார். "தொட்டிக்குள்ள எறங்கிப் பாருங்க மாமா" என்று மாப்பிள்ளை ஆசையாகக் கூப்பிட்டார். தொட்டி வாசலில் ஒரு காவல்காரர். உள்ளே போகிற எந்தச் சாமானும் வெளியே வந்தாக வேண்டுமாம். டார்ச்சை மணிக்கட்டோடு கட்டினார், என் மூக்குக்கண்ணாடியைக் கழுத்தோடு கட்டினார், பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வேற ஏதாவது கழண்டு விழற மாதிரி இருக்கா பெரியவரே?" என்றார். பக்கத்தில் மகள், பின்னால் பத்துப் பேர். மேல் வரிசைப் பல் கழலும் என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் அதற்கும் ஒரு கயிறு கட்டிவிடுவாரே! "ஒண்ணுமில்லப்பா" என்றேன். அங்கேதான் சனியன் பிடித்தது.

ஏணியில் இறங்குகிறேன், இறங்குகிறேன், தரை வரவே மாட்டேன் என்கிறது. நாலு மாடி வீட்டைப் பொம்மை மாதிரி உள்ளே வைத்துவிடலாம். எண்ணெய் வைக்க இவ்வளவு பெரிய இடமா என்று மலைத்துப்போய் "ம்" என்றேன், அது நாலு சுவரிலும் முட்டிக்கொண்டு என்னிடமே திரும்பி வந்தது. அதோடு வாயை மூடிக்கொண்டேன். மாப்பிள்ளை தன் ஆட்கள் பற்றவைத்த இடங்களைக் கன்றுக்குட்டியைத் தடவுவது போலத் தடவிக் காட்டினார். எனக்கோ ஏணிக் கம்பியை விட்டுக் கை வரவில்லை. எப்படியோ மேலே வந்து, கேன்டீனில் உட்கார்ந்து பன்னைக் கடித்தால், பன் கடிபடவில்லை. மேல் வரிசை இல்லை!

மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். மனுஷன் வெளுத்துப் போய்விட்டார்.

"தொட்டி சுத்தமா இருக்குன்னு மேனேஜர்கிட்ட இப்பத்தான் மாமா சொல்லிட்டு வந்தேன்."

"பல்லுதானேப்பா. ஓரமா கெடந்துட்டுப் போகுது."

"பம்பு அதை இழுத்துச்சுன்னா பம்பே போச்சு. போற எடத்துல எண்ணெயை எறக்க முடியாம கப்பல் நிக்கும். என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

நாம் இரண்டு பேரும் சத்தமில்லாமல் போய் எடுத்துவிடலாமே என்றேன். காதிலேயே வாங்கவில்லை. நேராகப் பெரிய மேனேஜரிடம் போய் நின்றார். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை, என் பல்லால் என் மகள் வாழ்க்கைக்கே உலையா என்று உட்கார்ந்திருக்கும்போது ஒலிபெருக்கி கத்துகிறது: "தொட்டியை மூடாதீங்க! உள்ள ஒரு பல்செட் கெடக்குது! மேல் வரிசை!" டாக் முழுக்க என்னைத்தான் திரும்பிப் பார்க்குது சம்பந்தி. நான் துண்டால வாயைப் பொத்திக்கிட்டேன், அதனால எல்லாருக்கும் ஆள் யாருன்னு சுலபமாத் தெரிஞ்சுபோச்சு. வெல்டர், பெயின்டர், கிரேன் ஓட்டுறவர் எல்லாரும் டார்ச்சோட உள்ள எறங்கி முட்டி போட்டுத் தேடுறாங்க. கடைசியில பெயின்டர் அம்மா ஒருத்தங்க, பம்பு உறிஞ்சுற குழாய் வாய்க்கிட்ட இருந்து, "கெடைச்சிருச்சு!"ன்னு கத்தினாங்க பாருங்க, கப்பலே கை தட்டுச்சு.

அப்பாடா! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஒரே தூசி, அழுக்குத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள், கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? "மறைச்சிருந்தா வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். தானா வந்து சொன்னான். அடுத்த கப்பலையும் இவனே பாக்கட்டும்." கப்பலும் குறித்தபடி மிதந்துவிட்டது. எதையும் மறைக்கத் தெரியாத பிள்ளையாக வளர்த்திருக்கிறீர்கள். அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும் சம்பந்தி.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் இரண்டு பேரும் நீடூழி வாழ அங்கிருந்தே ஆசீர்வதியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது என் வீட்டுக்காரி என் கண்ணாடிக் கூட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். உள்ளே என் பல். ஏணியைப் பார்த்த பயத்தில் நானே கழற்றி அதில் போட்டு, கூட்டை மகளிடம் கொடுத்திருக்கிறேன். என் பல் தொட்டிக்குள் இறங்கவே இல்லை. கிடைத்ததைக் கழுவிப் போட்டுப் பார்த்தேன், பொருந்தவில்லை. என்னைவிடக் கொஞ்சம் கம்பீரமான வாய்க்குச் செய்தது. மாப்பிள்ளையிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். எனக்கு முன்னால் அந்தத் தொட்டியில் இறங்கிய வெளியாள் ஒரே ஒருவர்தானாம், போன மாதம், தாங்கள். மாப்பிள்ளைக்கு இன்னும் பொறி தட்டவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. பஞ்சில் சுற்றித் தனிப் பார்சலாக அனுப்புகிறேன். மேலே 'மூட்டுவலித் தைலம்' என்று எழுதியிருக்கிறேன், சம்பந்தியம்மா பிரிக்க மாட்டார்கள்.