அரைமணியில் அடைத்த குழாய்

புகார் எழுந்த அரைமணி நேரத்தில் ஒழுகும் குழாயைச் சரிசெய்த நிறுவனம் இப்பூவுலகில் ஒன்றுண்டென்றால், அது எங்கள் கம்பெனிதான். 1974இல் திருவள்ளூரில் அச்சாதனை நிகழ்ந்தபோது குழாய் ஆய்வுக் குழுவின் செயலாளர் அடியேன்.

பழைய மாடிக் கட்டடம் ஒன்றைக் கம்பெனி 'குவார்ட்டர்ஸ்' ஆக்கியிருந்தது. மேலே டைம்கீப்பர் வரதன் குடும்பம். கீழே ஃபிட்டர் ஆசீர்வாதம் குடும்பம். மேல்வீட்டுக் கழிவுநீரை வெளியேற்றும் இரும்புக் குழாய், கீழ்வீட்டு அடுப்புக்கு நேர்மேலே போனது; அங்கேயே அதன் இணைப்பு ஒழுகியது. இணைப்பில் சணல் திணித்து ஈயம் காய்ச்சி ஊற்ற ஆசீர்வாதத்துக்கே தெரியும். ஆனால் குடியிருப்பவர் கம்பெனிச் சொத்தைத் தொடுவது 'ஒழுங்கீனம்'. ஆகவே அவர் மனைவி ஆரோக்கியமேரி பதினோரு மாதமாகக் குடை பிடித்துக்கொண்டு சோறு வடித்தார்.

மாதம் ஒரு மனு. பதினோராவதற்கு நாங்களே நேரில் எழுந்தருளினோம். ஆய்வாளர்கள் நனையலாமா? 'காலை பதினொரு மணி வரை மாடியில் தண்ணீர் ஊற்றத் தடை' என்று முன்தினமே சுற்றறிக்கை விட்டிருந்தோம். குழாய் காய்ந்து கிடந்தது. 'ஒழுகல் இல்லை' என்று அறிக்கை எழுதினேன். மேரியின் கையெழுத்துதான் பாக்கி. புத்தம்புது வெள்ளைச் சட்டையில் மேனேஜர் செங்கல்வராயன் அடுப்பருகே நின்று பேனாவை நீட்டினார்.

"படிச்சிக் காட்டு சார்" என்றார் மேரி என்னிடம்.

படித்தேன்.

"இன்னொரு தபா. காதுல சரியா உழல."

படித்தேன்.

"'இன்னிக்கி ஒழுகல'ன்னு மாத்திக்க சார்."

"'தற்போது' என்று போடட்டுமா?"

"'இந்த நிமிட்டு'ன்னு போடு. கையெழுத்து போட்றேன்."

"இன்னாம்மா, கத்திரிக்காயா வாங்குற? பேஜாரு பண்ணாத" என்றார் மேனேஜர்.

"கோச்சிக்காத சார். நிமிட்டுன்னா டைமும் எழுதணும்ல. மணி இன்னா ஆச்சு இப்போ?"

மேனேஜர் வாட்ச்சைப் பார்த்தார். "பதினொண்ணு."

தடை முடிந்தது. மாடியில் வரதனின் மனைவி கங்கம்மாள், காலையிலிருந்து காத்திருந்த துணி ஊறிய வாளிகளைக் கவிழ்த்தார். வெள்ளைச் சட்டை நீலமும் சோப்பு நுரையுமாய் ஆனது. கடைத்தெருவில் பேரம் கேட்டே வளர்ந்த நான், இப்படியொரு பேரத்தைக் கண்டதில்லை.

"யோவ், அந்த ஃபிட்டரை இட்டா" என்றார் மேனேஜர்.

ஈயம் காய்ந்தது. ஒழுகல் அடைபட்டது. கோப்பு சாட்சி. புகார்தாரர்: செங்கல்வராயன். புகார் 11.05. பணி நிறைவு 11.35. அதற்கு முந்தைய பதினோரு மாதம் ஆரோக்கியமேரியின் சோற்றுப்பானையில் விழுந்தது வெறும் தண்ணீர்; எங்கள் சட்டையில் விழுந்த பிறகுதான் அது ஒழுகல் ஆயிற்று.